லூசியம்மாள் பெயரில் ஒரு ஃபோல்டர்

துப்பறியும் தனராஜின் அலுவலகத்துக்குள் இன்பமணி செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி நடத்துபவர். 'பிளூ ஹார்வெஸ்ட்' கப்பலில் எந்த அறையில் எவ்வளவு உப்பு ஏற்றுவது என்ற வரைபடம், ஊழியர்கள் கோப்புகளைப் போட்டுவைக்கும் கம்பெனி விக்கியில் காணவில்லை. கேப்டனிடம் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டு வாங்கியாயிற்று. மூன்றாம் தடவை கேட்க அவருக்கு முகமில்லை.

"அழிச்சது எங்க ஆபீஸ் விஜிலான்னு விக்கியே சொல்லுது. மூணு மணிக்குள்ள கெடைக்கலன்னா அவளுக்கு வேல இல்ல."

தனராஜும் உதவியாளர் ஜெஸ்மியும் போய்ப் பார்த்தார்கள். அந்த விக்கி அவர்களுக்கு நாய் பெற்ற தெங்கம்பழம்; கையில் கிடைத்தும் உடைக்க வழி தெரியவில்லை. 'கடைசி', 'கடைசி புதுசு', 'உண்மையிலேயே கடைசி' என்று நூற்றுக்கணக்கில் ஃபோல்டர்கள். போதாததற்கு, ஆறு பேருக்கும் விஜிலாவின் பெயரில் ஒரே லாகின். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இதைக்கூட யோசிக்காத மனிதர் கம்பெனி நடத்துகிறாரே என்று ஜெஸ்மிக்கு எரிச்சலாக வந்தது.

வரைபடத்தைப் பிளூ ஹார்வெஸ்ட் ஃபோல்டரில்தான் போட்டதாக விஜிலா நாலாவது தடவையாகச் சொன்னாள். தோணிக்காரர் குடும்பத்தில் பிறந்த மூத்த ஊழியர் சிலுவை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"ஒம்பதாம் பெர்த்துல நிக்குத கப்பலுக்கா? அது இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கும்."

ஜெஸ்மி ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடி அலுத்துப்போனாள். தனராஜோ விக்கியில் இருந்த அந்தக் கப்பலின் புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்புறத்தில் புதுப் பெயருக்கு அடியில், இரும்பில் பற்றவைத்த பழைய எழுத்துகள் பெயிண்டை மீறிப் புடைத்திருந்தன. அவர் எல்லோரையும் அழைத்தார்.

"சிலுவை அண்ணாச்சி, எல்லாரும் கப்பல் பேரச் சொல்லுதாவ. நீங்க மட்டும் பெர்த் நம்பரச் சொன்னிய. அந்தப் புதுப் பேர வாயால சொல்ல உங்களுக்கு மனசில்ல. இதுக்கு முன்னால அது 'சாந்தா லூசியா', இல்லையா?"

ஜெஸ்மி அந்தப் பெயரைத் தேடினாள். 'விற்ற கப்பல்கள்' ஃபோல்டருக்குள், 'சாந்தா லூசியா' என்ற பழைய ஃபோல்டரில் வரைபடம் பத்திரமாக இருந்தது.

"புனித லூசியம்மாள் பேர அழிச்சா கடல் பொறுக்குமா? எங்க தோணியில யாரும் செய்யமாட்டாவ," என்றார் சிலுவை. "அதான் அங்கன இருந்து எடுத்து, சரியான பேர்ல வச்சேன். எங்கிட்ட யாரும் கேக்கலையே."

இன்பமணி தலையில் கைவைத்தார். மணி இரண்டே முக்கால். விஜிலாவைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

"காலையிலேயே ராஜினாமாக் கடிதத்த விக்கியில போட்டுட்டேன், சார்."

"எந்த ஃபோல்டர்ல? உடனே எடுத்துரு."

"மொதல்ல மன்னிப்புக் கேளுங்க. பெறவு சொல்லுதேன்."

இன்பமணி திரையில் நிறைந்திருந்த ஃபோல்டர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு, எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, மன்னிப்புக் கேட்டார்.