இடக்கைக் கோடுகள்

"கையெழுத்துப் போட மாட்டேன்னா மாட்டேன்தான். காலங்கார்த்தால என் உயிரை வாங்காதீங்க அண்ணி!"

கொழுந்தன் காபி டம்ளரை நங்கென்று மேஜைமேல் வைத்தார். விரித்துக் கிடந்த தொழிற்கல்லூரிப் படிவத்தில் ஒரு சொட்டு சிந்தியது. மூத்தவள் ஓடிவந்து முந்தானையால் ஒற்றி எடுத்தாள். அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த நாளிலிருந்து அவளுக்கு வாய்த்த வேலையே அதுதானே, யார் எதைச் சிந்தினாலும் ஓடிவந்து துடைப்பது!

புருஷன் போய் எட்டு வருஷம். இருப்பது ஒரே மகள். அவள் ஃபிட்டர் படிப்பில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நேற்று அரை மணி நேரம் இரும்புத் தகட்டை அரத்தால் அராவச் சொல்லித் தேர்வு வைத்தார்கள், அதிலும் தேறிவிட்டாள். இன்று மதியத்துக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். கொழுந்தன் அதே கல்லூரியில் பட்டறை வாத்தியார். அங்கே வேலை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளை சேர்ந்தால் அவர் கையெழுத்தும் வேண்டுமாம். அப்படி ஒரு பாழாய்ப்போன சட்டம்!

"தம்பி... அவ ஆசைப்படறா. உங்க அண்ணன் இருந்திருந்தா..."

"வேற எது வேணாலும் படிக்கட்டும், நானே கூட்டிட்டுப் போய்ச் சேர்க்கறேன். பட்டறை மட்டும் வேணாம்!"

அவர் மனைவி, இளையவள், கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "ஏங்க்கா, அதே படிப்புல நீங்க பெயிலானது போதாதா? கடைசிப் பரீட்சைக்குச் செய்ய வேண்டிய சாமானைக்கூடச் செய்யாம வெறுங்கையை வீசிட்டுப் போய் நின்னீங்களாமே! உங்களுக்கு ஏறாத படிப்பு உங்க மகளுக்கு மட்டும் ஏறிடுமா?"

வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கெல்லாம் காபியோடு சேர்த்துப் பரிமாறப்படும் பேச்சுத்தான் இது. வலித்து வலித்து மரத்துப்போன இடம். மூத்தவளுக்கு அலுப்பாக இருந்தது. நின்றால் அழுதுவிடுவோம் என்று, எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு கண்ணாடி அலமாரிப் பக்கம் போனாள்.

அலமாரியின் நடுத்தட்டில் இருந்தது கொழுந்தன் பரீட்சையில் செய்த சாமான். எஃகுத் தகட்டில் ஒரு சதுர ஓட்டை, அதற்குள் நூல் பிசகாமல் பொருந்தும் ஒரு சதுரக் கட்டை. அதற்கு முதல் பரிசு வாங்கினார், அதனால்தான் வேலையும் கிடைத்தது. துருப் பிடிக்காமல் இருக்க வாரம் ஒருமுறை அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பவள் மூத்தவள். பழக்கதோஷம், இடது கையால்தான் துடைப்பாள்.

"அம்மா, அதை இப்படிக் கொடேன்."

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். நேற்று அராவிய தன் தகட்டைப் பையிலிருந்து எடுத்து அதன் அருகில் வைத்தாள். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சித்தப்பா, நேத்து தேர்வு வெச்ச சார் என் தகட்டைப் பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டார், நீ இடக்கையான்னு. வலக்கைக்காரங்க அராவினா அரத்தோட கோடு ஒரு பக்கம் சாயுமாம், இடக்கைக்காரங்க அராவினா மறுபக்கம் சாயுமாம்." அவள் குரல் மெதுவானது. "உங்க சாமான்லயும் கோடு என்னுது மாதிரியே சாயுதே... நீங்க வலது கைதானே?"

அடுப்பில் ஏதோ தீய்ந்தது. இளையவள் நகரவில்லை.

மூத்தவள் குறுக்கே பாய்ந்தாள். "சும்மா இருடி! பெரியவங்ககிட்ட என்ன கேள்வி? சித்தப்பாதான் செஞ்சார். நான்தான் பக்கத்துல இருந்து பார்த்தேனே..."

"போதும் அண்ணி!"

கொழுந்தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இன்னுமா எனக்காகப் பொய் சொல்றீங்க? நீங்க இந்த வீட்டுக்கு வந்த புதுசுல ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே படிச்சோம்... பரீட்சைக்கு முந்தின நாள் என் சாமானை அராவி அராவிக் கெடுத்துட்டேன். இந்தத் தடவையும் பெயிலானா அப்பா மூட்டை தூக்க அனுப்பிடுவார், நான் செத்துடறேன்னு அழுதேன். அப்போ இவங்கதான் தன்னோடதைத் தூக்கி என் கையில வெச்சாங்க. சாமான்ல யாரோட நம்பர்னு குத்தறதே ஒப்படைக்கும்போதுதான், அதனால யாருக்கும் தெரியலை. மறுநாள் இவங்க வெறுங்கையோட நின்னாங்க... நான் பரிசு வாங்கினேன்!"

"ஐயோ அக்கா!" இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவளும் இடக்கைதான்னு தெரியும். பட்டறைக்கு வந்து அரத்தைப் பிடிச்சா என் குட்டு உடைஞ்சிடுமேன்னு பயந்துட்டேன் அண்ணி... நான் மனுஷனே இல்லை!"

மகள் அம்மாவைப் பார்த்தாள். "அப்பாவுக்குக்கூடத் தெரியாதாம்மா?"

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் பொங்கியது மூத்தவளுக்கு.

"தெரியாதுடி... 'உனக்குப் படிப்பு ஏறலைன்னா என்ன, விடு'ன்னு கடைசி வரைக்கும் எனக்கு ஆறுதல் சொல்லிட்டேதான் போனார். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்... சொன்னா இவர் வேலை போயிடுமே!"

மகள் அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். கொழுந்தன் மூத்தவள் காலில் விழ வந்தார். அவள் சட்டென்று பின்வாங்கினாள்.

"அதெல்லாம் அப்புறம் தம்பி. முதல்ல கையெழுத்தைப் போடுங்க. பிள்ளைக்கு நேரமாச்சு."

கொழுந்தன் காபிக் கறைக்குப் பக்கத்திலேயே போட்டார். மகள் படிவத்தைப் பறித்துக்கொண்டு, அம்மா கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் ஓடினாள்.

"அண்ணி... சாயங்கால வகுப்பு இருக்கு. வயசு வரம்பு கிடையாது. நீங்களும் வரணும். நானே..."

"எனக்கு உட்காரணும் போல இருக்கு தம்பி. முதல்ல உட்கார்ந்துக்கறேன். மத்ததை அப்புறம் யோசிக்கலாம்."

எண்ணெய்த் துணியை அவர் கையில் கொடுத்தாள். "இத்தனை வருஷம் நான் துடைச்சாச்சு. இனிமே நீங்க துடைங்க."

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். இளையவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே புதுசாகக் காபி கலந்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினாள். மூத்தவள் வாங்கி, அவசரமே இல்லாமல் ஒரு வாய் குடித்தாள்.

அலமாரி முன்னால் நின்று பட்டறை வாத்தியார் கண்ணீரும் எண்ணெயுமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குறுக்கே தேய்க்காதீங்க தம்பி," என்றாள் அவள். "கோடு போற பக்கமாத் துடைங்க."

"சரிங்க அண்ணி," என்று அவர் துணியைத் திருப்பிப் பிடித்தார்.