நாற்காலி திரும்பியபோது ஒரு சிரிப்பு

"ஹலோ... உங்க குடையோட மழை பூரா என் மடியிலதான் பெய்யுது."

இருட்டில், பக்கத்து இருக்கையிலிருந்து குரல் மட்டும் வந்தது. அவள் குடையை நகர்த்தினாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன? முழுசா நனையிற வரைக்கும் தவம் பண்ணிட்டு இருந்தீங்களா?"

"தப்பு என்னோடதுதான் தாயே."

திரை வெளிச்சம் ஒரு நொடி அவன் முகத்தில் விழுந்தது. அடேயப்பா... இவ்வளவு பெரிய கண்களை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எப்படித் தூங்குகிறான்?

இன்னும் வெளிவராத பேய்ப்படத்தைச் சிலருக்கு மட்டும் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்கும் காட்சி அது. அழைப்பு அக்காவுக்கு வந்தது. அக்காவுக்கு வேலை. இவளை அனுப்பிவிட்டாள்.

"நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை பார்க்குறவ," என்றாள். "ட்யூப் ட்யூபா தினமும் பார்க்குறேன். இவங்க சிவப்புச் சாயத்துக்கெல்லாம் அசர மாட்டேன்."

"பார்க்கலாம்..." என்றான் அவன். அந்தக் குரலில் ஒரு குறும்பு.

ஆனால் படத்தில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. அதுதான் வில்லங்கமே.

ஒரு வீடு. அழுக்கு மஞ்சள் வெளிச்சம். திரையின் ஓரத்தில் ஒருத்தி பாத்திரம் கழுவுகிறாள். மீதித் திரை முழுக்க ஒரு நீளமான, இருண்ட நடைவழி. அதன் கோடியில், சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு நாற்காலி. நகர்கிறதா இல்லையா என்றே தெரியாத வேகத்தில் கேமரா அந்த வெறுமைக்குள் போகிறது. இசை கிடையாது. குழாய்ச் சத்தம் மட்டும். இதோ வருது, இதோ வருது என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது... எதுவும் வரவில்லை. அவள் ஒரு கணம் பாத்திரம் கழுவுகிறவளைப் பார்த்துவிட்டு, மறுபடி நடைவழிப் பக்கம் கண்ணைத் திருப்பினாள்.

நாற்காலி இப்போது இவளைப் பார்த்து இருந்தது.

"ஹஹ்ஹஹ்ஹா!"

அரங்கமே அதிர அவள் சிரித்தாள். நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும்.

பக்கத்து இருக்கைக்காரன் எழுந்து போய்விட்டான்.

படம் முடிந்து வெளியே வந்தால், முன்கூடத்தில் தயாரிப்பாளர் கத்திக்கொண்டிருந்தார். "சிரிக்கிறாங்கய்யா! பேய்ப்படத்துக்குச் சிரிக்கிறாங்க! அந்த ஷாட்டைத் தூக்கு. நாற்காலியில ஒரு கிழிஞ்ச மூஞ்சிய உட்கார வை. டமார்னு ஒரு சத்தம் போடு!"

எதிரே தலை குனிந்து நின்றவனைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. நனைந்த பேன்ட். அந்தக் கண்கள். ஐயோ... இவன்தான் கேமராமேனா?

அவனும் அவளைப் பார்த்துவிட்டான். "திருப்திதானே? அந்த ஒரு ஷாட்டுக்காகத்தாங்க இந்தப் படத்தையே ஒத்துக்கிட்டேன்."

சாரி என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனியில்தான் இருந்தது.

"சிரிப்பு வந்தா சிரிக்கத்தான் செய்வாங்க," என்றாள். "உங்களைக் கேட்டுட்டா சிரிக்கணும்?"

விடுவிடுவென்று படியிறங்கினாள். பாதியில் அக்காவின் போன்.

"படம் எப்படிடி?"

"செம காமெடி. விழுந்து விழுந்து சிரிச்சேன்."

"அவ்வளவு பயமாவா இருந்துச்சு?"

"பயமா? எனக்கா?"

"என்கிட்டயே கதை விடாத. அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போனப்ப நீ சிரிச்ச சிரிப்புக்கு நர்ஸம்மா அடிக்கவே வந்துட்டாங்க. மறந்துட்டியா?"

எப்படி மறக்கும்? அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பயம் என்று வாயைத் திறந்தால் ஒரே மருந்துதான் வைத்திருந்தார்கள்... 'அப்ப படிச்சது போதும், வீட்டுல இரு.' பஸ்ஸில் பயம். ஹாஸ்டலில் பயம். இன்டர்வியூவில் பயம். எல்லாவற்றையும் சிரித்தே கடந்தாள். ஊர் அதற்குத் திமிர் என்று பேர் வைத்தது. வைத்துக்கொள்ளுங்கள் என்று அவளும் அந்தப் பேரையே பிடித்துக்கொண்டாள்.

இப்போது அந்தப் பேரைக் காப்பாற்ற, ஒருவனுடைய உழைப்பை வெட்டிப் போடப் போகிறார்கள்.

திரும்பி ஏறினாள்.

"சார், அந்த ஷாட்டை வெட்டாதீங்க. முதல்ல சிரிச்சது நான்தான். நான்..." காது மடல் சுட்டது. எல்லோரும் பார்த்தார்கள். "நான் பயந்தா சிரிப்பேன். இதை இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. வீட்டுக்குப் போய் என் நாற்காலி முகத்துல எப்படி முழிக்கிறதுன்னே தெரியல."

பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "நிஜந்தாங்க. எனக்கு வேர்த்தே போச்சு. பாப்பா சிரிச்சுதோ, பொழைச்சேன்!"

தயாரிப்பாளர் தாடையைச் சொறிந்தார். "சரி... வேற ஆளுங்களை வச்சு இன்னொரு தடவை போடுவோம். இந்தப் பொண்ணை மட்டும் உள்ள விட்டுடாதீங்கய்யா!"

கேமராக்காரன் மெல்ல மெல்ல அவள் பக்கம் வந்தான். நகர்கிறானா இல்லையா என்றே தெரியாத வேகத்தில். கையில் அவள் மறந்துவிட்டுப் போன குடை.

"இன்னும் சொட்டுது," என்றான். முதல் தடவையாக அவள் பயமில்லாமல் சிரித்தாள்.

படம் வெளியானது. ஷாட் அப்படியே இருந்தது. மதியக் காட்சிக்கு இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜனங்களைப் பார்த்தார்கள். நாற்காலி திரும்பியபோது அரங்கமே மூச்சை இழுத்தது. எங்கோ ஒரு மூலையில் மட்டும் ஒரு பெண் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"உங்க சொந்தக்காரங்க போல," என்று அவள் காதில் சொன்னான்.

"உதை வாங்குவீங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. தியேட்டர் வாசலில் ஒரே குடைக்குள் இருவரும். அவன் தோள் பாதி நனைந்தது. அவன் அவளைப் பார்த்தான். அந்தக் கண்கள்... சண்டாளன்.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

"ஹஹ்ஹஹ்ஹா!"

தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். நிறுத்த முடியவில்லை. வேறு எவனாக இருந்தாலும் அவமானப்பட்டு ஓடியிருப்பான். இவன் காலி நடைவழியைக் கண் சிமிட்டாமல் பார்த்துக் காத்திருந்தவன். குடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"சிரிச்சு முடிங்க. நான் எங்கயும் போகல."

மெல்ல அடங்கியது சிரிப்பு. அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்பப் பயமா இருக்கு..."

"எவ்வளவு?"

"அந்த நாற்காலியை விட."

இப்போது அவன் சிரித்தான். வாய் விட்டு, தோள் குலுங்கச் சிரித்தான்.

"நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"எனக்கும் அதேதான்..."