போல்ட்டில் நிற்கும் வீடு

"அந்த டப்பா வீட்டைக் கழத்த ஆளு வந்தாச்சு. சாவிய எடு!"

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் ஜெயபாய் போட்ட சத்தத்தில் ஷெரினின் கையிலிருந்த காப்பி தளும்பியது. கணவன் பெலிக்ஸ் போய்ச் சேர்ந்த இந்த ஒரு வருஷத்தில், சுவரைப் பார்த்து வையாமல், அத்தை அவள் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சே இதுதான்!

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை நடத்தும் குடும்பம். மூத்தவன் ஜெபக்குமார் ஆலையைப் பார்த்துக்கொண்டான். இளையவன் பெலிக்ஸும் அவன் மனைவி ஷெரினும் கட்டிடக்கலை படித்தவர்கள். மம்சாபுரம் தோட்டத்தில் நிற்கும் அந்த வீட்டை இருவரும் சேர்ந்துதான் வரைந்தார்கள். எஃகுச் சட்டம், சுவர்ப் பலகை எல்லாவற்றையும் பட்டறையிலேயே செய்து, லாரியில் கொண்டுவந்து போல்ட் போட்டு நிறுத்தும் வீடு. ஆற்று மணல் ஒரு கூடை வேண்டாம். ஒரு வேப்பமரத்தையும் வெட்ட வேண்டாம். மழைத்தண்ணீர் வீட்டுக்கு அடியிலேயே ஓடிக் கண்மாய்க்குப் போய்விடும்.

வேலை பாதி முடிந்திருக்கையில், ஒரு மழைநாளில், தோட்டத்துக்குப் போகும் வழியில் பெலிக்ஸின் பைக் சறுக்கியது...

மிச்சத்தை ஷெரின்தான் அழுதுகொண்டே முடித்தாள். அதுவும் குற்றமாயிற்று. சாப்பாட்டு மேசையில் பெலிக்ஸின் நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. சில மத்தியானங்களில் அந்த வெற்று நாற்காலியைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கிடுலே" என்பாள் ஜெயபாய். ரசம் ஊற்றும் ஷெரினின் கை அப்படியே நின்றுவிடும்.

ஜெபக்குமார் காரோட்ட, மூவரும் தோட்டத்துக்குப் போனார்கள். கிரேன் நின்றிருந்தது. நீண்டு தாழ்ந்த தட்டைக் கூரையும் அலங்காரமே இல்லாத வெள்ளைச் சுவருமாக, மெல்லிய கால்களில் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்ற அந்த வீட்டை ஷெரின் ஒருமுறை கண்ணால் தடவிக்கொண்டாள்.

ஜெயபாய் வாசலைத் தாண்டவில்லை. "என்னைய விட்டுத் தனியாப் போகாத, வேலைய நிறுத்துலேன்னு அன்னைக்குக் காலையில ஊருக்குப் போன எடத்துல இருந்து போன்ல அழுதேன். சரிம்மான்னு சொன்ன புள்ளைய, கொட்டுற மழையில இங்க அனுப்பினவ நீதானட்டி! வீடு பெருசாப் போச்சோ உனக்கு?"

ஷெரின் தலை குனிந்துகொண்டாள். எப்போதும்போல.

அன்று வீட்டை நிறுத்திய சதீஷ்தான் இன்று கழற்றவும் வந்திருந்தான். கையில் ஸ்பானரோடு தயங்கினான்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. பெலிக்ஸ் அண்ணன் அன்னைக்கு வேலை பார்க்க வரலம்மா. எனக்குப் போன் போட்டு, 'அம்மா அழுதாவ, பலகையத் தூக்காத, நேர்ல வந்து நிறுத்திட்டுப் போறேன்'னாரு. மழை விடட்டும்னு ஷெரின் அக்கா மறிச்சாவளாம். அம்மா அழுகையக் கேட்டுட்டு இருக்க முடியல, கெளம்பிட்டேன்னு அவரே சொன்னாரு... உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனைச்சேன்!"

ஜெயபாயின் உதடு கோணியது.

"ஏட்டி... அப்ப எனக்காகவா அவன்..."

"அத்தை, வேண்டாம்..."

"ஒரு வருசமா உன்னைய வைஞ்சேனே... ஏன் வாயத் தொறக்கல நீ?"

"சொன்னா நீங்க உயிரோட இருக்க மாட்டீங்க அத்தை! அவியளப் பறிகொடுத்தாச்சு. உங்களையுமா..."

"ஐயோ... பாவி நான்!" தரையில் சரிந்தவளை ஷெரின் ஓடிவந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கதறிய கதறலில் ஜெபக்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிரேன்காரனைப் போகச் சொல்லிக் கைகாட்டினான்.

வெகுநேரம் கழித்து, மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜெயபாய் முதன்முதலாக உள்ளே போனாள். மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். வழக்கத்தைவிடத் தாழ்வாக இருந்தது.

"உங்களுக்கு முட்டுவலி, நிக்க முடியாது. அம்மா உக்காந்தபடியே மலையப் பார்க்கணும்னு அவியதான் இந்த உசரத்துல வச்சாவ."

ஜெயபாய் உட்கார்ந்தாள். மலை முழுசாகக் கண்ணில் விழுந்தது. மத்தியான வெயில் கண்ணில் படாதபடி கூரை முன்னே நீண்டிருந்தது.

டக்... டக்... கூரையில் யாரோ மெல்ல நடக்கும் சத்தம்.

"ஏட்டி... கேக்குதா? அவன்தானே?"

ஆமாம் என்று சொல்லிவிட ஷெரினின் நாக்கு துடித்தது. ஆனால், இனி இவளிடம் எதையும் மறைக்கக் கூடாது.

"வெயில் ஏறுதுல்லா, எஃகு விரியுது அத்தை. அம்புட்டுதான்."

ஜெயபாய் அவள் கையை விடவில்லை.

"விரியுதோ, நடக்கானோ... அவன் வச்ச கூரைதானட்டி. செத்த நேரம் கேட்டுட்டு இருப்போம்."