இரண்டு மூடி

வத்திராயிருப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது வைகுண்டராஜுக்கு. பையிலிருந்த தபால் கார்டு விடவில்லை. 'கத்தரித் தோட்டத்தில் பேர் தெரியாத பூச்சி. வந்து பார்க்கவும். சோலைராஜ் மனைவி பரிபூரணம்.' விவசாய ஆபீசில் பூச்சி பார்க்கிற ஆள் அவன் ஒருத்தன்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

சோலைராஜ் செத்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அந்த நாற்பது நாளும் வைகுண்டராஜ் சரியாகத் தூங்கவில்லை.

பரிபூரணம் அவனை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப் போனாள். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. புழுங்கிய சாக்கு வாடை, அதற்கு அடியில் பூச்சிமருந்து வாடை. ஆணியில் சோலைராஜின் ஸ்பிரேயர் தொங்கியது. அதன் வாரில், தோள் படுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சி ஒட்டியிருந்தது. முதுகில் மண்டையோடு போல மஞ்சள் குறி.

"சத்தம் போடுது சார்," என்றாள் மெதுவாக.

வைகுண்டராஜுக்கு உயிர் வந்தது. புத்தகத்தில் பார்த்த பூச்சிதான். "இது மண்டையோட்டு அந்துப்பூச்சிம்மா. கத்தரி இலையத் தின்னு வளருத புழுவுல இருந்து வருது. தொட்டா வாய் வழியாக் கத்தும். பயப்பட ஒண்ணுமில்ல."

விரலால் தொட்டான்.

கீச். கீச்.

கொஞ்ச நேரம் நிறுத்தி, மறுபடி சரியாக இரண்டு.

"கடைசில அவியளுக்கும் பேச்சு வரல. ஆஸ்பத்திரில இதே மாதிரி ரெண்டு சத்தம். ரெண்டு விரலையும் காட்டினாவ, எனக்கு வெளங்கல. பொண்டாட்டி கூட சண்டை போட்டு மருந்தைக் குடிச்சிட்டான்னு ஊர்ல பேசுதாவ. மகளைப் பொண்ணு கேட்டு வந்தவியளும் நின்னுட்டாவ. மருந்தடிக்கையில அளவு தப்பிப் போச்சா சார்? நீங்கதான சொல்லிக் குடுத்தீய?"

அந்த இரண்டு விரல் எதைச் சொன்னது என்று அவனுக்கு விளங்கியது. டேங்குக்கு இரண்டு மூடி மருந்து என்று எப்போதும் போலத்தான் சோலைராஜிடம் சொல்லியிருந்தான். புதிதாக வந்த பாட்டிலுக்கு மூடி இரண்டு மடங்கு பெரிது. தெரிந்தும் அதைச் சொல்ல மறந்துவிட்டான்.

"அளவெல்லாம் சரிதாம்மா," என்றான்.

குளோரோபாரத்தில் நனைத்த பஞ்சு கிடந்த பாட்டிலில் பூச்சியைப் பிடித்து அடைத்தான். கால் மடங்கி அது செத்தது. கும்பிடு கூடப் போடாமல் வந்து பஸ் ஏறினான்.

கீச். கீச்.

பாட்டிலை எடுத்துப் பார்த்தான். பூச்சி மல்லாந்து கிடந்தது.

பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினார். "யாருக்குப் பூச்சிமருந்து கொண்டு போறீய? வாடை தொண்டையப் பிடிக்கே."

பையில் மருந்தே இல்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஓட்டமும் நடையுமாகத் திரும்பினான். வேலை போனாலும் போகட்டும், சொல்லிவிட வேண்டும்.

பரிபூரணம் கத்தரிப் பாத்தியில் நின்றிருந்தாள். அவன் வாயைத் திறந்தான்.

கீச். கீச்.

அவன் தொண்டையிலிருந்துதான் வந்தது. வலது கை தானாக எழுந்து இரண்டு விரலைக் காட்டியது.

அவள் அலறவில்லை. அந்த விரல்களையே பார்த்தாள். பிறகு மோட்டார் ரூமுக்குள் போய்ப் பழைய மருந்து பாட்டிலையும் புதிய பாட்டிலையும் எடுத்து வந்தாள். இரண்டு மூடியையும் கழற்றி, பழையதைப் புதியதற்குள் போட்டாள். அது அடிவரை போய் விழுந்தது.

"இதைத்தான் சொன்னீயளா?"

தன்னையா, சோலைராஜையா, யாரைக் கேட்டாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. தலையாட்டினான். நோட்டை எடுத்து நடந்ததை எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அன்று சாயங்காலமே கடைத்தெருவில் நின்று அவள் அதை உரக்க வாசித்தாள். வாய்க்கு வந்தபடி பேசியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வைகுண்டராஜுக்கு நாற்பது நாளாக வராத அழுகை வந்தது. இனி சோலைராஜ் தன்னை விட்டுவிடுவான் என்று நம்பி, பரிபூரணத்திடம் மன்னிப்புக் கேட்கக் கைகூப்பி வாயெடுத்தான்.

கீச்.

அவனிடமிருந்து ஒரு சத்தம்தான் வந்தது.

இரண்டாவது, பைக்குள் செத்த பூச்சி கிடந்த பாட்டிலிலிருந்து வந்தது.