முந்திக்கொண்ட குரல்

வீடியோ கோப்பைத் தனியாகத் திறந்து ஓடவிட்டால் அவன் மனைவி "வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அதே கோப்பைத் தன் விளையாட்டுக்குள் வைத்து ஓடவிட்டால் "வந்துட்டியா?" என்றாள்.

முதலில் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தான். ஹெட்போனைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டான். மின்விசிறியை நிறுத்தினான், ஜன்னலைச் சாத்தினான். விடுமுறை நாளின் சாயங்காலம். காற்று அசையாத புழுக்கத்தில் கம்ப்யூட்டரின் சூடான பிளாஸ்டிக் வாசனை அறை முழுவதும் தேங்கியிருக்க, சமையலறையில் அவள் பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கும் சத்தமும், மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தமும், பெட்டிக்குள் சுழலும் காற்றாடியின் முனகலும் எப்போதும்போல் கேட்டுக்கொண்டிருந்தன. அந்த ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது.

பகலில் அவன் ஒரு டயர் கிடங்கின் மேற்பார்வையாளன். வீட்டுக்கு வந்தால் விளையாட்டு ப்ரோக்ராம் எழுதுவான், யாருக்கும் விற்க அல்ல, ஆசைக்காக. பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. மழையில் நனைந்த ஒருவன் இருட்டில் அடுக்குமாடியின் படிகளில் ஏறித் தன் வீட்டைத் தேடுகிறான். சரியான கதவைத் திறந்தால் ஜெயம். கதவு, ஹால், சோபா எல்லாம் இந்த வீட்டைப் பார்த்து வரைந்தவை. கதாநாயகனும் தன்னைப் பார்த்து வரைந்தவன்தான், தொப்பையை மட்டும் தாராளமாகக் குறைத்திருந்தான். இத்தனை நாளும் வசனமெல்லாம் எழுத்தாகத்தான் திரையில் வந்தது. இந்த வாரம்தான் வீடியோவும் ஒலியும் ஓடுவதற்கு வழி செய்திருந்தான். கடைசிக் கதவு திறந்ததும் அவன் மனைவி நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்பாள். அதோடு விளையாட்டு முடியும்.

பதிவு இதே அறையில் நடந்தது, சுள்ளென்று வெயில் அடித்த ஒரு மத்தியானம். "நீங்க பக்கத்துல நின்னா எனக்குச் சிரிப்பு வருதுங்க. வெளிய போங்க" என்று அவனைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீ' என்று சொன்னதே இல்லை. எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்திருக்கிறான். "வாய் வரலைங்க" என்பாள். தம்பியை வாடா போடா என்பாள், தோழிகளை வாடி போடி என்பாள், பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட "நீ சாப்பிட்டியா?" என்று குனிந்து விசாரிப்பாள். அவனுக்கு மட்டும் 'ங்க'. என்ன ஒரு மரியாதை என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். அவனுக்கோ செருப்பை வெளியே விடச் சொல்வதுபோல் இருந்தது.

ஆகவே அந்த 'வந்துட்டியா' காதில் விழுந்தபோது பேய் பிசாசெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. இவ்வளவு ஆசையாக யாரைக் கேட்கிறாள்? வயிறு எரிந்தது. இந்த எரிச்சல் அவனுக்குப் புதிதில்லை. அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் டாக்டர், லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர், தப்பான நம்பருக்குப் போன் போட்டவர் என்று ஒருவரையும் அவன் விட்டுவைத்ததில்லை. கேட்பான், அவள் முகம் வாடும், மன்னிப்புக் கேட்பான், கொஞ்ச நாளில் மறுபடியும் கேட்பான்.

இப்போதும் எழுந்து சமையலறைக்குப் போனான்.

"அன்னைக்கு எத்தனை தடவை பேசிப் பதிவு பண்ணின?"

"ஒரு தடவைதாங்க. ஏன், சரியா வரலையா?"

"'வந்துட்டியா'ன்னு யாரைக் கேட்ட?"

ஈரக் கையோடு அவள் திரும்பினாள். "மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா? அந்த ரூம்ல நானும் கேமராவும்தான் இருந்தோம். இப்ப கேமரா மேலயும் சந்தேகமா?"

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. "எனக்கு அலுத்துப்போச்சுங்க. இன்னும் ஒரு தடவை இப்படிக் கேட்டீங்கன்னா நான் எங்கயாவது போயிடுவேன்" என்று குழாயைப் பார்த்துச் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனை அசைத்தது.

அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினான். அவளை இழக்கவும் கூடாது, அந்த ஆள் யார் என்று தெரியாமல் தூங்கவும் முடியாது. விளையாட்டை மறுபடி ஓடவிட்டான். இந்தத் தடவை படத்தைக் கவனித்தான். கதவு திறந்தது, அவள் நின்றாள், குரல் கேட்டது. உதடுகள் மூடியே இருந்தன. குரல் முடிந்த பிறகுதான் அவை பிரிந்தன.

அட, இவ்வளவுதானா. புதிதாக வீடியோ சேர்க்கிற எல்லோருக்கும் வருகிற தொல்லை. படம் ஏறத் தாமதமாகும், ஒலி அவசரப்பட்டு முன்னால் ஓடிவிடும். படம் தயாராகும் வரை ஒலி காத்திருக்கும்படி ஒரு வரி எழுதினான்.

அந்த வரியில் கூட்டலும் கழித்தலும் இடம் மாறிவிட்டதை அவன் கவனிக்கவில்லை. காத்திருக்க வேண்டிய ஒலி இன்னும் வேகமாக முன்னால் ஓடியது.

"வந்துட்டியா?" என்றாள். படத்தில் அவள் அசையாமல் நின்றாள். குரல் மட்டும் தொடர்ந்தது. "ஐயோ, இப்படி நனைஞ்சிட்டியே! இரு, துவட்டி விடறேன்." அவள் குரலுக்குப் பின்னால் மழை. ஜன்னல் கம்பியில், பால்கனித் தகரத்தில், கொட்டித் தீர்க்கும் மழை. பதிவு செய்த மத்தியானத்தில் ஒரு தூறல்கூட இல்லை.

பிறகு ஓர் ஆணின் சிரிப்பு.

அவனுக்குக் காது மடல் சுட்டது. மூக்கால் சிரிக்கிற, தன்னைப் பற்றித் தனக்கே ரொம்பத் திருப்தியான சிரிப்பு. எங்கேயோ கேட்ட குரல். டாக்டரா? இல்லை. யார் என்று பிடிபடவில்லை, ஆனால் கேட்ட மாத்திரத்தில் பிடிக்காமல் போனது.

"அந்த ரூம்ல லைட் எரியுதே?" என்றது ஆண் குரல்.

"அணைக்க மறந்திருப்பேன். அங்க யாரு இருக்கா?" என்றாள் அவள்.

சாத்திய ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சட்டென்று குறைந்தது. மண் வாசனை இடுக்கு வழியாக உள்ளே வந்தது. முதலில் ஒன்றிரண்டு துளிகள். பிறகு ஜன்னல் கம்பியில், பால்கனித் தகரத்தில். சற்றுமுன் ஹெட்போனில் கேட்ட அதே மழை.

விளையாட்டை மூடப் பார்த்தான். மூடவில்லை. ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினான். காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. திரையில் இத்தனை நேரம் உறைந்திருந்த அவள் முகம் மெதுவாக நகர்ந்தது. அவனைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில், வாசல் இருக்கிற திசையில் பார்த்தாள்.

குரல்கள் நின்று, ஒலி மறுபடி தொடக்கத்துக்குப் போனதுபோல் ஹெட்போனில் அழைப்புமணி அடித்தது.

அதைக் கழற்றி மேசையில் வீசினான். வீட்டில் அமைதி. மழை. அவன் மூச்சு.

பிறகு வாசலில் மணி அடித்தது.

சமையலறையிலிருந்து அவள் காலடிச் சத்தம். அவசரமாக. தாழ்ப்பாள் விலகியது. ஈரக் காற்று அவன் அறைக் கதவுக்கு அடியில் புகுந்து பாதத்தைத் தொட்டது.

"வந்துட்டியா?"

ஹாலில் இருந்து. நிஜமாக. அந்த ஆசையோடு.

பயப்பட வேண்டிய நேரம்தான். அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற ஒருவித சந்தோஷம்கூட வந்தது. கதவைப் படாரென்று திறந்துகொண்டு ஹாலுக்குப் பாய்ந்தான்.

ஒருவன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். அவள் அவன் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தாள், இடுப்பை அவன் தோளில் சாய்த்துக்கொண்டு. துண்டு விலகியது.

தன் முகம்.

தன் சட்டை. தன் மூக்கு. தொப்பை மட்டும் இல்லை. அந்தச் சிரிப்பு கேட்டது. தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் இப்படித்தான் இருக்குமா? இதையா இத்தனை நேரம் வெறுத்துக்கொண்டிருந்தான்?

அவள் நிமிர்ந்தாள். அறை வாசலில் நின்றவனைப் பார்த்தாள். துண்டு கையிலிருந்து நழுவியது. நனைந்தவனின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அப்படி ஒருநாளும் இவனிடம் ஒதுங்கியதில்லை.

"யாருங்க நீங்க?"

நான்தான். உன் புருஷன். அவன் உன்னை ஏமாத்தறான்.

கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் அவன் வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு மற்றவனின் காதருகே குனிந்தாள்.

"வாய் அசையுது பாரு. ஒரு சத்தமும் வரலையே."