சண்முகவள்ளியைத் திருத்தியவர்கள்

2025 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. ஒருவர் வரைந்த படத்தை, அவர் போதும் என்று சொன்ன பிறகும் பிறர் திருத்திக்கொண்டே இருப்பது அநாகரிகம். அதை உதவி என்று அழைப்பது அதைவிடப் பெரிய அநாகரிகம். தான் சேர்ந்திருந்த இணைய மறுவரைவுக் குழுவினர்மீது ராஜமுருகனுக்கு இருந்த குறை, அன்று காலைவரை, இவ்வளவே.

அன்று காலை, அவனிடம் காப்பித் தம்ளரை நீட்டிய மனைவியின் கையில் தழும்பு இல்லை.

பணியாரச் சட்டியின் எண்ணெய் தெறித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை சுருக்கம் விழுந்து கிடந்த தழும்பு அது. இருபது ஆண்டுகளாக அந்தக் கைதான் அவனுக்குச் சோறு பரிமாறியது. இப்போது அந்த இடத்தில் தோல் வழுவழுப்பாக, ஒரே நிறமாக, நனைத்துத் தடவிய களிமண்ணைப்போல இருந்தது.

"வள்ளி, கையக் காட்டு."

"காலங்காத்தால ரேகை பாக்கப் போறீங்களாக்கும்?"

"தழும்பு எங்க?"

சண்முகவள்ளி சன்னல் வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அட, ஆமாங்க! எத்தன களிம்பு தடவியிருப்பேன், அப்பல்லாம் போகல. இனிமே குட்டைக் கை ரவிக்கை போட்டுக்கிட்டு ஏரியச் சுத்தி நடக்கப் போறேன். நீங்க பின்னாடி குடை புடிச்சுக்கிட்டு வாங்க."

அவனால் சிரிக்க முடியவில்லை. அந்த வழுவழுப்பை அவன் முந்தைய மாலையே பார்த்திருந்தான். திரையில்.

ராஜமுருகன் மலைமேல் இருக்கும் நாயுடுபுரத்து விடுதிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி வந்தவன். பிளெக்ஸ் வந்த பிறகு தூரிகையை வைத்துவிட்டு டேப்லெட்டில் வடிவமைக்கப் பழகியவன். ஐரோப்பாவின் பழைய ஓவியங்களைத் திரையில் மீண்டும் வரைந்து பழகும் அந்த இணையக் குழுவில் அவன் சேர்ந்தது, இந்த வயதிலாவது ஓவியன் என்று நாலு பேர் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற ஆசையால்தான். குழுவுக்கு இரண்டு விதிகள் இருந்தன. பழைய ஓவியத்தைப் பார்த்து அப்படியே படியெடுக்கக் கூடாது. அதே வெளிச்சத்தில், அதே இருப்பில், தன் வீட்டில் உள்ள ஒன்றை எதிரே வைத்து வரைய வேண்டும். அடுத்து, பிறர் படத்தைப்பற்றிக் கருத்துச் சொல்ல விரும்புகிறவர் வாயால் சொல்லக் கூடாது. அந்தப் படத்தின் மேலேயே ஒரு கண்ணாடித் தாள் விரித்ததுபோலத் தன் திருத்தத்தை வரைந்து காட்ட வேண்டும். அந்தத் தாளை விலக்கவும் செய்யலாம். படத்தோடு இணைக்கவும் செய்யலாம். இணைத்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

இதுவரை அவன் குடம், கெண்டை மீன், வாடிய பூங்கொத்து என்றுதான் வரைந்திருந்தான். மனிதரை உட்காரவைத்தது இதுவே முதல் முறை. பெயர் தெரியாத டச்சு ஓவியர் ஒருவர் தீட்டிய படம்: சன்னலோரம் ஒரு பெண், மடியில் தட்டு, குனிந்து எதையோ உரித்துக்கொண்டிருப்பாள். கூக்காலிலிருந்து சண்முகவள்ளியின் தம்பி அனுப்பிய பூண்டு மூட்டை வீட்டில் இருந்தது. "சும்மா ஒக்காரச் சொன்னா ஒக்கார மாட்டேன். நான் பாட்டுக்கு உரிக்கேன், நீங்க பாட்டுக்கு வரைஞ்சுக்கங்க" என்று வடக்குச் சன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டவள், அவன் வரைந்து முடிக்கும்வரை பேச்சை நிறுத்தவே இல்லை. அதனால் படத்தில் அவள் உதடுகள் சற்றே திறந்திருந்தன. அவனுக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அதுதான்.

சனிக்கிழமை மாலை, குழுவைச் சேர்ந்த, பழனியிலிருக்கும் பழனிக்குமார் தன் திருத்தத்தை அனுப்பியிருந்தான். தழும்பைத் துடைத்திருந்தான். மூல ஓவியத்தில் கை மாசில்லாமல் இருப்பது உண்மை. ராஜமுருகனின் பழைய டேப்லெட், தாள்மேல் தாளாக ஏறினால் திணறும். யோசிக்காமல் அதைப் படத்தோடு இணைத்து, குழுவின் பொதுப் பிரதியாக ஏற்றினான். அதன்பின் குழுவில் யார் வேண்டுமானாலும் அதில் கை வைக்கலாம்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவன் டேப்லெட்டைத் திறந்தான்.

புதிதாக ஒரு திருத்தம் வந்திருந்தது. சுபஸ்ரீ என்ற பெண், ஓவியக் கல்லூரியில் படித்தவள், வரைந்தது. படத்திலிருந்த உதடுகளை மூடியிருந்தாள். அதன் கீழே, குழுவை நடத்தும் முகேஷ், 'அருமை, இதுதான் அமைதி. இணைத்துவிடுகிறேன்' என்று எழுதியிருந்தான். இணைத்துக்கொண்டிருந்தான். திரையின் ஓரத்தில் ஒரு சிறு வட்டம் சுழன்றது.

அடுக்களையில் சண்முகவள்ளி கைப்பேசியில் தம்பி மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள். மழை, பூண்டின் விலை, கூக்காலுக்கு வராமல்போன பேருந்து. சிரித்தாள். "அதத்தான் நானும் சொல்லுறேன், அவன் வெள்ளனே கெளம்பி வந்திருந்தா—"

வட்டம் நின்றது.

குரலும் நின்றது. குழாயில் நீர் ஒழுகும் ஓசையும், தகரக் கூரையில் யூகலிப்டஸ் இலை உரசும் ஓசையும், கைப்பேசியின் உள்ளிருந்து மிகச் சிறிதாக, "அண்ணி? அண்ணி, கேக்குதா? அண்ணி?" என்ற குரலும் மட்டும் எஞ்சின.

அவன் ஓடினான். அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடுகள் மூடியிருந்தன என்று சொல்வது சரியாகாது, மூடியவை திறக்கும். உதடுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய பிளவே இல்லை. அங்கே ஒரு கோடு இருந்தது. மெல்லிய, பழுப்பு நிறக் கோடு. தொட்டுப் பார்த்தான். அடியில் பல் தட்டுப்படவில்லை. அவள் மூக்கால் மூச்சு வாங்கினாள், வேகவேகமாக, விடைத்த நாசிகளோடு. அவள் விரல்கள் அந்தக் கோட்டைக் கீறின, கீறின, கீறின.

"கீறாத. கீறாத தாயி. இந்தா, சரி பண்ணிருறேன்."

அவளைச் சன்னலோர நாற்காலியில் அமர்த்திவிட்டுக் குழுவுக்கு எழுதினான். வாயைப் பழையபடி மாற்றுங்கள். உடனே. காரணம் கேட்காதீர்கள். எழுத்தில் நம்பிக்கை போதாமல், குரலையும் பதிந்து அனுப்பினான், பாதியில் அழுதுவிட்டான்.

பதில்கள் குரலாகவே வந்தன. முகேஷ் பொறுமையாகப் பேசினான். "அண்ணே, ஈகோவக் கழட்டி வச்சுட்டு வாங்கண்ணே. கத்துக்கத்தான இங்க வந்தோம்?"

சுபஸ்ரீயின் குரலில் சிறிது மனத்தாங்கல் இருந்தது. "சார், வாய மூடுனதும்தான் அந்தப் படத்துக்கே ஒரு கிளாஸ் வந்துச்சு. மெனக்கெட்டு ரெண்டு மணி நேரம் ஒக்காந்தேன்."

பழனிக்குமார் சிரித்தான். "அக்கா பேசாம இருந்தா ஒங்களுக்குத்தான நிம்மதி! ஏண்ணே அழுகுறீங்க? நடிப்பும் நல்லா வருதுண்ணே ஒங்களுக்கு."

படத்தையே அழித்துவிடலாமா என்று அவன் நினைத்தான். விரல் அந்தக் குறியீட்டின் மேல் சென்று நின்றது. அழித்தால்? நாற்காலியைப் பார்த்தான். நாற்காலியில் அமர்ந்திருப்பவளைப் பார்த்தான். விரலை நெருப்பிலிருந்து எடுப்பதுபோல எடுத்துக்கொண்டான்.

வேறு வழியில்லை. தானே வரைய வேண்டும். பொதுப் பிரதியைத் திறந்து, பழுப்புக் கோட்டின் நடுவே சிறு நிழலிட்டான். கருஞ்சிவப்பு. சற்றே அகலம். இன்னும் சற்று. இணைத்தான்.

அவள் வாய் திறந்தது.

அவன் "வள்ளி" என்றான். வாய் திறந்தேயிருந்தது. ஒலி வரவில்லை. அருகே சென்று குனிந்து பார்த்தான். பூண்டு வாடை அடித்தது. அது அவள் மடியிலிருந்து வந்தது, மூச்சிலிருந்து அன்று. வாய்க்குள் நாக்கில்லை. பல்லில்லை. தொண்டைக்குச் செல்லும் இருட்டுகூட இல்லை. உதடுகளுக்குப் பின்னால், தொட்டுவிடும் தூரத்தில், சுவரைப்போல ஒரு நிறம் நின்றது. அவன் பூசிய நிறம். கருஞ்சிவப்பு.

அவன் வாழ்நாள் முழுவதும் எழுத்துதான் எழுதியிருந்தான். அறைகள் உண்டு. வெந்நீர் உண்டு. வாய்க்குள் என்னென்ன இருக்கும், எந்த வரிசையில் இருக்கும், எது எதன்மீது நிழலிடும் என்று ஒருநாளும் பார்த்து வரைந்ததில்லை. கண்ணாடி முன் நின்று தன் வாயைப் பிளந்து பார்த்தான். ஒரு பல் வரைந்தான். அது அவள் வாயில் வெள்ளையாக, தட்டையாக, வேரின்றி ஒட்டியது. அவள் கண்களிலிருந்து நீர் வழிந்தது. இரண்டாம் பல்லைத் தொடங்கியபோது உச்சிப்பொழுது சாய்ந்திருந்தது.

திரை உறைந்தது.

வெளியே மூடுபனி ஏறியிருந்தது. பகல் உணவுக்குப் பின் பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டு வரும் அதே பனிதான். அது அடர்ந்தால் அந்தச் சரிவில் டவர் போய்விடும் என்பது தெரியாதவர் யாருமில்லை. கொண்டை ஊசி வளைவு வரை ஏறினால் கிடைக்கும். அவன் எழுந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கனயே இரு. வெரசா வந்துருவேன். ஒண்ணும் ஆகாது."

விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அதைச் செய்தபோது அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

சாலை தெரியவில்லை. ஈரத் தாரின் மணமும், கண்ணுக்குப் புலப்படாமல் இறங்கிச் சென்ற ஒரு வண்டியின் பிரேக் கீச்சொலியும், தன் மூச்சுமே வழிகாட்ட, டேப்லெட்டை மார்போடு அணைத்தவாறு ஏறினான். வளைவில் கைப்பேசி அதிர்ந்தது. அதிர்வு நிற்கவில்லை. அறிவிப்புகள். ஒன்றன்மேல் ஒன்றாக. படத்தைத் திறந்தான், முகேஷ் அதன் மேல் ஒரு தலைப்பு இட்டிருந்தான்: 'திறந்த திருத்தம் — அனைவரும் பங்கேற்கலாம்.'

அழைத்தான்.

"முகேஷ், படத்த எடுத்துரு. ஒன் கால்ல விழுறேன்டா. எடுத்துரு."

"அண்ணே, கோவப்படாதீங்க. எங்கிட்ட மட்டுமா இருக்கு? காலேஜ் பசங்க குரூப்புக்கெல்லாம் போயிருச்சு. பிச்சு ஒதறுறாங்க. சந்தோசப்படுங்கண்ணே, யாருக்குக் கெடைக்கும் இது?"

"இணைக்காத. யாரு வரைஞ்சாலும் சரி, நீ இணைக்காத."

"நான் எங்க இணைக்கிறேன்? அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன். யாரு தொட்டாலும் தானாச் சேந்துக்கும். சரி, வாய்க்குள்ள என்னண்ணே அப்படி அப்பி வச்சிருக்கீங்க? பல்லு ஒண்ணு தொங்குது. சிரிக்கிறாங்க எல்லாரும்."

"முகேஷ். அது என் பொண்டாட்டி."

"தெரியும்ணே. அக்காதான மாடலு. கொஞ்சம் அழகாத்தான் ஆக்குவோமே?"

பேச்சு அறுந்தது. பனி அவன் காதுவரை வந்திருந்தது.

இறக்கத்தில் இருமுறை விழுந்தான். டேப்லெட் எங்கோ தெறித்து விழுந்தது. தேடவில்லை. வீடு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை மட்டுமே இருந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீரின் ஓசையைக் கொண்டே வாசலைக் கண்டான். கதவில் கை வைத்தபோது அந்த ஓசை கேட்டது.

பூண்டு உரிக்கும் ஓசை.

காய்ந்த தோல் நொறுங்கும் மெல்லிய சரசரப்பு. அவனுக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. உரிக்கிறாள். உட்கார்ந்து உரிக்கிறாள். சரியாகிவிட்டது. யாரோ நல்லவர், யாரோ கைதேர்ந்தவர், எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்.

ஆனால் அந்த ஓசை வேகமாக இருந்தது. மிக வேகமாக. ஒரு பெண்ணின் இரு கைகளால் ஆகக்கூடிய வேகம் அன்று.

கதவைத் திறந்தான்.

சன்னல் வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது. மூல ஓவியத்தில் இருப்பதுபோலவே. நாற்காலியில் அவள் இருந்தாள். மடியில் தட்டு. தட்டின்மேல் விரல்கள். யாரோ ஒருவர் விரல்களை மாற்றி வரைந்திருந்தார், முன்னவை அழியவில்லை. அவற்றின்மேல் வேறொருவர். எல்லா விரல்களும் உரித்துக்கொண்டிருந்தன. இடத்தோள் இல்லை, அந்த இடத்தில் சுவரின் நிறம் கவனமாக நிரப்பப்பட்டிருந்தது. கூந்தல் கறுத்தது. செம்பட்டையானது. மறைந்தது. முகம் ஈரத்துணியால் துடைத்ததுபோல வழிந்து, மறுபடி கூடியது. இளமுகம். வேறு முகம். மூக்கு நகர்ந்தது. வாயைச் சற்று இடப்புறமாக வைத்துப் பார்த்தார்கள். எடுத்தார்கள். வைத்தார்கள்.

கண்களை மட்டும் எவரும் தொட்டிருக்கவில்லை.

அவை சண்முகவள்ளியின் கண்கள். அந்தக் கொந்தளிப்பின் நடுவே அசையாமல் நின்று, வாசலில் நிற்பவன் யார் என்று அறிந்து, அவனையே பார்த்தன. அவன் முழங்காலிட்டான். பார்த்துக்கொண்டிருந்தபோதே, இடக் கண்ணின் ஓரம் மெல்லக் கலங்கிப் பரவத் தொடங்கியது.

இதைப் படிக்கிறவரே, அந்தப் படம் உங்களுக்கும் வந்திருக்கும்: சன்னலோரம் ஒரு பெண், மடியில் பூண்டுத் தட்டு. அதில் குறைகள் இருக்கின்றன, இருக்கட்டும். யாருக்கும் அனுப்பாதீர்கள். அழிக்காதீர்கள். உங்களுக்கு எவ்வளவு நன்றாக வரைய வந்தாலும் சரி, அவள் இடக் கண்ணின்மேல் வைத்திருக்கும் விரலை எடுங்கள்.