பதினாறு எம்பி

மணி நான்கு. அவன் கோப்புகளை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். நோயாளியின் மூச்சைக் காவல் காக்கும் அந்தச் சின்னக் கருவிக்குள் இருப்பதே பதினாறு எம்பி சேமிப்பிடம். ஏற்ற வேண்டிய லினக்ஸ் தொகுப்போ பதினெட்டு. ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாவிட்டால் ஒப்பந்தம் போச்சு.

எல்லாம் மூட்டையின் திருப்பணி. இவனுக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவருக்கு இவன் வைத்த பெயர் அது. ஊசி நுழைகிற இடத்தில் உலக்கையைத் திணித்த மேதை. கருவியின் உறுப்புகளை இயக்க அவர் சேர்த்திருந்த ஏழு டிரைவர் நிரல்களைக் காலையிலேயே பிடுங்கி எறிந்துவிட்டு, சோதனைக்காக அப்பாவின் கட்டிலோரத்தில் இருந்த, இடம் கூடுதலான மாதிரிக் கருவியில் புதியதை ஏற்றியிருந்தான். ஒரு குறையும் இல்லை. அடுத்த அறையில் படுத்திருக்கும் அப்பாவின் மூச்சு இவன் மேசை ஸ்பீக்கரில் சீராக வந்துகொண்டிருந்தது: நீண்ட இழுப்பு, சிறு நிறுத்தம், லேசான விசில்.

அப்பாவுக்கு மூக்கில் விசில் கிடையாதே.

சளியாக இருக்கும்.

வேலைக்குப் போயிருந்த மனைவி போனில் வந்தாள். "மாமாவ எட்டிப் பாத்தீங்களா?"

"எதுக்கு? நீயே கேளு." போனை ஸ்பீக்கரிடம் நீட்டினான். "என்னைவிட நல்லா மூச்சு விடறாரு."

"காதாலயே அப்பாவ பாத்துக்கற பிள்ளைய இப்பதான் பாக்கறேன். எழுந்து போங்க."

வைத்துவிட்டான்.

இன்னும் இரண்டு எம்பி. தேடியதில் அகப்பட்டது ஓர் ஒலிக் கோப்பு. இரண்டரை எம்பி. பாட்டுப் பெட்டியென்று நினைத்துவிட்டார் போல. கேட்டுப் பார்க்கக்கூட அவனுக்கு மனமில்லை. 'உங்க குப்பைய கூட்டிட்டிருக்கேன். ஆடியோ காலி' என்று மூட்டைக்கு ஒரு வரி தட்டி அனுப்பினான். கோப்பை அழித்தான். மீண்டும் தொகுத்தான். பதினைந்தரை. அப்பாவின் கருவியிலும் ஏற்றினான்.

ஸ்பீக்கர் ஒருமுறை சொடுக்கியது.

பிறகு விசில் இல்லை. இழுப்பும் இல்லை. இவன் பக்கத்து ஜன்னல் திரையின் உரசல். பிரிட்ஜின் முனகல். வேறு எதுவுமில்லை.

போன் அதிர்ந்தது. மூட்டை.

"தாராளமா எடுங்க சார். கண்காட்சிக்குன்னு வச்சது. அங்க கட்டில் காலியா இருக்கும்ல? மைக் கிடைக்கலன்னா கருவி அதையே திரும்பத் திரும்ப ஓட்டும். என் மூச்சுதான், சைனஸ் விசிலோட." சிரித்தார். "மைக் டிரைவர் இருக்கற வரைக்கும் அது ஓடவே ஓடாது."

ஏழு டிரைவர்கள். காலை ஒன்பது மணி.

எழுந்தான். நடை. கதவு. மூடியபடியே இருந்த மதியச் சாப்பாடு.

அப்பா கருவியை முகத்தோடு அணைத்திருந்தார். விறைத்த விரல்கள். திறந்த வாய் மைக்கின் துளைகளை ஒட்டியிருந்தது.

துளைகளைச் சுற்றி எச்சில், எப்போதோ காய்ந்து வெளுத்திருந்தது.